கடலுக்கடியில் வண்டி ஓட்டும் உன் மருமகளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் ரத்தக்கொதிப்பும் அடங்கி இருப்பதாக நம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் பேசினால் நடுவில் புகுந்து அவளுக்கு வக்காலத்து வாங்குவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் பழுதுபார்க்கும் நல்ல வேலையில் இருந்த என் மகளை, "பிடிச்சதைச் செய்யட்டும்க்கா" என்று ஏற்றிவிட்டவன் நீ. வேலையை உதறிவிட்டு ஆழ்கடல் ரோபோ ஓட்டும் பயிற்சிக்குப் போனாள். மனிதர் இறங்க முடியாத ஆழத்துக்கு அதைக் கேபிளில் கட்டி இறக்குவார்களாம், இவள் கப்பலில் இரும்புப் பெட்டி போன்ற ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி ஓட்டுவாளாம், இதற்குப் பெயர் பைலட்டாம். நானும் பெருமை தாங்காமல் மாடிவீட்டு அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன், அன்றிலிருந்து அவர் வெளிநாட்டில் இருக்கும் தன் மகனைப் பார்க்கப் போக ஜன்னலோர சீட் கிடைக்குமா என்று என்னை மறித்துக் கேட்கிறார். பெண் பார்க்க வந்தவர்களும் எந்த விமானம் என்றார்கள். "மேல போறது இல்லீங்க, கீழ போறது" என்றேன். பையனின் அப்பா டம்ளரை வைத்துவிட்டு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு சரி, அவர்கள் மறுபடி வரவில்லை.

கப்பலேறிய பிறகும் முதல் வருஷம் அவளை ஓட்ட விடவில்லை. ரோபோ மேலே வந்ததும் உப்புப் போகக் கழுவுவது, எண்ணெய் மாற்றுவது, கேபிளை முறுக்கில்லாமல் சுருட்டுவது, இவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காதவள், தம்பி. கப்பல் துறைமுகத்துக்கு வந்தபோது குடும்பத்தாரைக் கூப்பிட்டார்கள். தலைமைப் பைலட் ஒரு தாடிக்காரர், மரியாதையான மனிதர், என்னைப் பயிற்சித் திரையின் முன்னால் உட்காரவைத்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். தொட்டேனோ இல்லையோ, சேறு கிளம்பித் திரை முழுக்கக் கலங்கிவிட்டது. பதறிப்போய் இன்னும் அழுத்தினேன், ரோபோ தன் கேபிளையே தன் மேல் சுற்றிக்கொண்டு மல்லாந்துவிட்டது. அது பொம்மைக் கடல்தான், கவலை வேண்டாம் என்றார் தாடிக்காரர். எனக்குப் பின்னால் நின்ற மற்ற குடும்பத்தார் கவலைப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு சரக்குப் படகு மூழ்கியது. எல்லோரும் தப்பினார்கள், இஞ்சின் அறையில் இருந்த மெக்கானிக் மட்டும் வரவில்லை. முக்குளிப்பவர்கள் போக முடியாத ஆழம் என்பதால், பக்கத்தில் இருந்த இவள் கப்பலை உதவிக்குக் கூப்பிட்டார்கள். தாடிக்காரர் விடுப்பில் இருந்தார். இவள்தான் ஓட்டினாள். கதவு குறுகல், ரோபோ உள்ளே நுழையாது, அதன் கை மட்டும்தான் நுழையும். எங்கும் இடிக்காமல் அவர் உடலை வெளியே எடுத்து, வலைக்கூடையில் கிடத்தி மேலே அனுப்பியிருக்கிறாள். இதைக்கூட அவள் சொல்லவில்லை, தாடிக்காரர் ஃபோனில் சொல்லித்தான் தெரியும். விடுப்பில் வந்தவள் பால்கனியில் உட்கார்ந்தே இருக்கிறாள், தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. குடைந்து குடைந்து கேட்டதற்கு ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தாரும்மா. அப்பா வேலை செய்யறப்போ மடிச்சுக்குவாரே, அதே மாதிரி."

உன் மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறார். முழங்கை வரை நனைகிறது. சொன்னால் கேட்பதில்லை.

இப்போது பயிற்சிப் பள்ளியில் கரையோடு ஒரு வேலை தருகிறார்கள். யோசிக்கிறேன் என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ சொன்னால் கேட்பாள். ஏற்றிவிட்டவன் நீ, நீயே இறக்கிவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீடூழி வாழட்டும். உப்பைக் குறை.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அந்த மெக்கானிக்கின் மனைவி, தாடிக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அழவில்லை. உன் மருமகளின் கையைப் பிடித்து, "இந்தக் கைதானா?" என்றாள். இவள், "அது மெஷினோட கைங்க" என்றாள். "ஓட்டினது நீதானேம்மா. முகத்துல ஒரு கீறல் இல்லாம கொண்டு வந்து குடுத்தியே. பசங்க கிட்டப் போய்ப் பார்த்தாங்க, பயப்படல" என்றாள் அவள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், தம்பி, நம் பெண்.

அவள் போனதும் இவள் கப்பலுக்கு ஃபோன் செய்து என்றைக்குக் கிளம்புகிறது என்று கேட்டாள். அதனால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. திரும்ப எழுதப் பொறுமையில்லை, அப்படியே அனுப்புகிறேன். அவளைக் கூப்பிட்டு, பத்திரமாகப் போய்விட்டு வா என்று மட்டும் சொல். நான் சொல்லப்போனால் போகாதே என்றுதான் வாயில் வரும்.