மொழிபெயர்ப்பாளன் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருடைய முழங்கால் மட்டும் அந்தச் சௌக்கியத்தில் சேராது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட நன்றாயிருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன்.

நிற்க. நீ அனுப்பிய ஆங்கில இலக்கணப் புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அட்டை போட்டு, மூலை மடங்காமல், எண்ணெய் படாமல் வைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள். புத்தகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. உன்மேல்தான் கொஞ்சம்.

குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அது கத்துவதற்குள் ஒரு பக்கம் என்று நானாகவே மூன்று பாடம் முடித்தேன். முதல் பாடம் ஐ, யூ, ஹீ, ஷீ என்று ஆள்கள். இரண்டாவது, முடிந்துபோன காரியங்கள். மூன்றாவது, இரண்டையும் கோர்க்கிற சொற்கள். நம் மொழியில் 'வந்தாள்' என்றால் வந்தது ஒருத்தி என்பது வாலிலேயே தெரிந்துவிடும். அங்கே 'கேம்' என்கிற சொல் யாருடையது என்று தெரியாமல் அநாதையாக நிற்கிறது. முன்னால் ஒரு 'ஷீ'யைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அதற்கு வீடுவாசல். நாம் எழுந்து, குளித்து, கும்பிட்டு, சமைத்தேன் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஓரிடத்தில் முடிப்போம். அவர்கள் ஒவ்வொரு வேலையையும் அங்கங்கே முடித்து, 'அண்ட்' போட்டு, அடுத்ததற்குப் போகிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? நடந்து முடிந்தது செலவு, அதை மாற்ற முடியாது. அண்ட் என்றால் கூட்டல், பட் என்றால் கழித்தல், பிகாஸ் என்பது எதற்காகச் செலவு என்று ஓரத்தில் எழுதுகிற குறிப்பு. "ஐ குக்ட் அண்ட் ஹீ ஏட், பட் ஹீ கம்ப்ளெய்ன்ட்." நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார், ஆனாலும் குறை சொன்னார். இதை முதன்முதலாக உரக்கச் சொன்னபோது உன் அத்தான் பேப்பரை இறக்கி, "இனிமே இங்கிலீஷ்லயுமா?" என்றார்.

அவரைத் திட்டவா படித்தேன்? மருமகளோடு பேசப் படித்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்க்கிறோம், ஆனால் அவளுக்கு நம் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. நடுவில் பையன் உட்கார்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிச் சொல்லுவான். அவள் இரண்டு சொல் சொல்லுவாள். இவன், "உங்க ஆசீர்வாதம்தான் எங்களுக்குத் துணைங்கிறாம்மா. நீங்க பின்னி அனுப்பின ஸ்வெட்டரைக் கட்டிப் பிடிச்சுட்டுதான் தூங்குறாளாம். விடிஞ்சதும் எந்திரிச்சு உங்களை நினைச்சுக் கும்பிடுறாளாம்" என்பான். இரண்டு சொல்லுக்குள் இவ்வளவு அடங்குகிற மொழி எப்பேர்ப்பட்ட மொழி என்று நானும் அசந்துபோவேன். அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை. ஒவ்வொரு வாரமும் ஈரத்தலையோடு வந்து உட்காருவாள். அந்தக் குளிர் ஊரில் ஈரத்தலையோடு இருந்தால் சளி பிடிக்காதா? "துவட்டிட்டு வரச் சொல்லுடா" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன். அவன் சொல்லுவான், அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள், அடுத்த வாரம் இன்னும் சொட்டச் சொட்ட வருவாள். அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலைக்குக் கூப்பாடு வந்துவிட்டது. அவள் தனியாகத்தான் போனை எடுத்தாள், அன்றைக்கும் ஈரத்தலை. நான் சாமியை நினைத்துக்கொண்டு, "ஐ ஸா யுவர் ஹேர் அண்ட் ஐ டோல்ட் ஹிம், பட் யூ ஸ்மைல்ட்" என்றேன். உன் தலையைப் பார்த்தேன், அவனிடம் சொன்னேன், ஆனால் நீ சிரித்தாய். கேள்வி கேட்கிற பாடம் இன்னும் வரவில்லை, அதனால் ஏன் என்று கேட்க எனக்கு வழியில்லை. அவள் கெட்டிக்காரி, தம்பி. நான் எதுவரை படித்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு, அந்த மூன்று பாடத்துக்குள்ளேயே நின்று, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். "ஹீ ஸெட் யூ லவ்ட் மை வெட் ஹேர், அண்ட் ஐ வாஷ்ட் இட் ஃபார் யூ."

அதாவது, ஈரக்கூந்தல் அழகு என்று நான் ரசித்ததாக இவன் சொல்லியிருக்கிறான். எனக்காக அந்தப் பெண் இரண்டு வருஷமாக, பனிக்காலத்திலும், நான் கூப்பிடுகிற நேரம் பார்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் காய்ச்சலே வந்ததாம்.

அதோடு விட்டிருக்கலாம். கணக்கில் ஒரு இடம் இடித்தால் முழுவதையும் கூட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியுமே. ஸ்வெட்டர் பேச்சை எடுத்தேன். அவள் போட்டாளாம், அரித்ததாம், நாய் எடுத்துக்கொண்டதாம். கட்டிப் பிடித்துத் தூங்கியது நாய். விடியற்காலைப் பிரார்த்தனையை எடுத்தேன். அவள் தூங்கினாளாம், அவன்தான் எழுந்து டீ போட்டானாம். பிறகு அவள் முறை. நாய்க்குட்டி வாங்கியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறான். வீட்டுக்குள் நாய் எதற்கு என்று நான் திட்டியது உனக்குத் தெரியும், உன்னிடமும் அதையேதான் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது, அதிலும் சாமி படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு. உள்ளதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் மேற்கொண்டு ஒரு பிகாஸ்கூட வரவில்லை. போன் அணைந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவே இல்லை. பையன் மட்டும் ஒருநாள் கூப்பிட்டான். "ரெண்டு வருஷமா பாடுபட்டுக் கட்டின வீட்டை மூணே பாடம் படிச்சு இடிச்சுட்டியேம்மா" என்றான். "நான் சொன்னதைச் சொல்லத்தானேடா உன்னை உட்கார வெச்சேன்" என்றேன். "நீ சொன்னதைச் சொல்லியிருந்தா ரெண்டாவது வாரமே போன் இருந்திருக்காது" என்றான். உன் அத்தான் பக்கத்திலிருந்து, "கல்யாணம் ஆனதுலேர்ந்து நாம ஒரே பாஷைதான் பேசுறோம். நமக்கும் நடுவுல இப்படி ஒருத்தன் இருந்திருந்தா எவ்வளவு நிம்மதி" என்றார்.

யோசித்துப் பார்த்ததில் பையன் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அவன் சொன்ன மருமகள் என்னை நினைத்துக் கும்பிட்டாள். அவன் சொன்ன மாமியார் நாயைக்கூடக் கொஞ்சினாள். அந்த இரண்டு பேரும் எவ்வளவு நல்லவர்கள். அவர்களை நான் துரத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் வந்தால் கை தானாகப் போனைத் துடைத்து ஜன்னலோரம் நிறுத்துகிறது, அப்புறம் எடுத்து வைத்துவிடுகிறேன். அதனால் இங்கிலீஷுக்கு முழுக்குப் போட்டாகிவிட்டது. நீ தாய்மாமன், நீ சொன்னால் கேட்பான். பழையபடி நடுவில் உட்காரச் சொல். என்ன வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லட்டும், அதற்கான பாவத்தை நான் கும்பிட்டுத் தீர்த்துக்கொள்கிறேன். இந்த உதவியை மட்டும் அக்காவுக்காகச் செய்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. ஆண்டவன் உங்கள் எல்லோர் தலைமாட்டிலும் இருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பையனிடம் எதுவும் பேசிவிடாதே. உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அவளே கூப்பிட்டாள், அவன் கடைக்குப் போன சமயம் பார்த்து. "ஹீ லைட் பிகாஸ் ஹீ லவ்ட் அஸ்" என்றாள். நம் மேல் இருந்த அன்பில்தான் பொய் சொன்னானாம். "பட் ஹீ லைட்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஹீ ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டான், ஹீ கேட்டது காதில் விழாத மாதிரி இருந்தான், ஹீ ஒரு டம்ளர் கழுவிவிட்டு ஊரெல்லாம் சொன்னான் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போனோம். நடுவில் எந்த ஹீ அவள் புருஷன், எந்த ஹீ உன் அத்தான் என்பது குழம்பிவிட்டது. குழம்பியும் ஒரு வாக்கியம்கூடத் தப்பாகவில்லை. வைக்கும்போது அவள் 'வில்' என்று ஆரம்பித்து ஆசையாக என்னமோ கேட்டாள். வரப்போகிறதைப் பற்றிய பாடம் எனக்கு இன்னும் வரவில்லை, இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு "யெஸ்" என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தை நானே வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாகத்தை உடனே அனுப்பு. எதற்குச் சரி என்று சொன்னேன் என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.