பதினெட்டு நகம்

றிஸ்லானின் நான்காவது காற்சட்டையும் கிழிந்தது. கிழித்த பூனை அவனுடைய கதிரையிலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

காத்தான்குடி வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு வந்து மூன்று மாதம். வேனிலிருந்து பெட்டிகளோடு அவன் இறங்கிய அன்றே, அது வாசற்படியில் உட்கார்ந்து அவனை அளந்தது. மாமி உம்மு குல்தூம் இன்னும் மருமகனோடு நேரே பேசவில்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொல்வார். மகள் அவனிடம் சொல்வாள். தினமும் தவறாமல் வரும் கேள்வி ஒன்றுண்டு: "பூனைக்கு மீன் வெச்சாச்சா, மகள்?"

அந்தக் குரல் தன்னையும் ஒரு நாள் 'மகன்' என்று கூப்பிடாதா என்று அவனுக்கு ஏக்கம். மாமியின் பூனையைக் குறைசொல்லிக்கொண்டு அதை எதிர்பார்க்க முடியுமா?

"நகத்த வெட்டி உட்டா எல்லாருக்கும் நிம்மதி," என்றான் மனைவி பர்ஸானாவிடம்.

"உங்களுக்கு மனம் வருமா?"

"நான் விலங்கியல் படிப்பிக்கிறவன்." ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தாலே அவனுக்கு அது வகுப்பறைதான். "முன்காலுக்கு அஞ்சு, பின்காலுக்கு நாலு, மொத்தம் பதினெட்டு நகம். சும்மா இரிக்கக்குள்ள உறைக்குள்ள போயிரும். பாதத்த அமத்தினா வெளிய வரும். நுனிய மட்டும் வெட்டணும்."

திரைக்குப் பின்னால் பெருமூச்சு. "பாத்துச் செய்யச் சொல்லு, மகள். பூனைக்கு ஒண்டெண்டா ஆரு பதில் சொல்ற?"

அமத்தினான். பாடநூலில் உள்ளபடியே நகம் வெளியே வந்தது. பாடநூலில் இல்லாதபடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. இரண்டு நகம் வெட்டுவதற்குள் பூனை திமிறி, முற்றத்து மாமரத்தில் ஏறிவிட்டது.

"தானா இறங்கும்தானே?" என்றாள் பர்ஸானா.

"இறங்காது. நகமெல்லாம் பின்பக்கம் வளைஞ்சது. ஏறத்தான் உதவும்."

ஏணி வைத்து ஏறினான். கிளையைப் பிடித்ததும் ஏணி சரிந்தது. பூனை அவனை ஒருமுறை பார்த்தது. பிறகு வாலை முன்னே விட்டு, பின்பக்கமாகச் சாவகாசமாக இறங்கிப் போனது. இருபது நகமுள்ள ஆசிரியர் கிளையில் தொங்கினார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அசனார் காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், மாங்காய்க்கா?"

"இல்ல காக்கா, ஒரு பாடம்."

"பிள்ளைகளக் காணமே."

அப்போது திரை விலகியது. மாமி முக்காட்டைச் சரிசெய்தபடி முற்றத்துக்கு வந்தார். ஏணியைத் தானே நிமிர்த்திப் பிடித்தார்.

"மெதுவா இறங்குங்க, மகன்."

கடைசிப் படி றிஸ்லானுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. மாமி அவன் கையைப் பிடித்து, சீலைத் தலைப்பால் இரத்தத்தை ஒற்றினார்.

"மன்னிச்சுக்கங்க மாமி. உங்கட பூனைக்கு நோவு குடுத்திட்டன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்ட பூனையா?" என்றார் மாமி. "நீங்க கலியாணத்தண்டு வேனில கொண்டு வந்த பூனை எண்டுதானே மகன், நாங்க மூணு மாசமா வாய மூடிக்கிட்டு மீன் போடுறம்."