டில்லி-டாலி விசாரணை

முப்பத்தேழாம் வருஷம், வத்தல்மலை செல்லியின் உழவு மாடுகள் இரண்டும் காப்புக்காட்டில் மேய்ந்த குற்றத்துக்காகப் பவுண்டுப் பட்டியில் அடைபட்டன. முதல் மழையோடு சாமை விதைக்க வேண்டும். அவளுக்கு வேறு மாடு கிடையாது. மனுப் போட்டாள். சப்-கலெக்டர் துரை பெரிய மனசு பண்ணி, மனுவின் ஓரத்தில் சிவப்பு மையால், 'மாடுகளை விடுக. டில்லி-டாலி வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினார்.

தாலுகா கச்சேரியின் ஹெட் குமாஸ்தா பச்சியப்பன் எந்த உத்தரவையும் அரைகுறையாக நிறைவேற்றியவரல்ல. மாடுகளை விடுவதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் டில்லி-டாலி இன்னதென்று தெரியாமல், மாட்டோடு சேர்த்து அதையும் விட்டுவிட்டால், சர்வீஸ் என்ன கதியாகும்?

மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி தெரசாவை வரவழைத்தார்.

"டாலின்னா வீணாப் பொழுதைக் கழிக்கறதுங்க. டில்லி சும்மா ஓசைக்கு. நாம மாடு கீடுன்னு சொல்றதில்லீங்களா, அந்தக் கீடு மாதிரி."

"துரை கீடெல்லாம் எழுதுவாராம்மா?" பச்சியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சர்க்கார் மையில சும்மா ஒரு வார்த்தை இருக்காது. சரி, இந்த டாலி எங்கிருந்து வந்துது?"

"பிரெஞ்சுக்காரங்ககிட்டயிருந்து வந்துதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

புண்ணியவதி அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அந்நிய ராஜ்ய சம்பந்தமுள்ள விவகாரத்தைத் தாலுகா கச்சேரி தன்னிச்சையாக முடிவு செய்யலாகாது. டாலியின் பூர்வோத்தரம் கேட்டு, உரிய மார்க்கமாக, புதுச்சேரிக்குக் கடிதம் போயிற்று. அப்பன் பேர் தெரியாத டில்லிக்குத் தனிக் காகிதக் கட்டு போட்டார்கள்.

செல்லி வாரா வாரம் மலையிறங்கி வந்தாள்.

"சாமி, பட்டியில தீனி இல்லீங்க. மாடு எலும்பும் தோலுமா நிக்குதுங்க."

"உன் மாட்டுக்காகத்தாம்மா ரெண்டு குமாஸ்தா கை ஒடிய எழுதறாங்க!"

இதற்குள் வார்த்தை ஊரில் பரவிவிட்டது. காப்பி கிளப்பில் வக்கீல்கள் அதைச் சொல்லிப் பழகினார்கள். கச்சேரியில் 'நாளைக்கு வா' என்றால் சண்டைக்கு நிற்கிற ஜனங்கள், 'உன் மனு டில்லி-டாலியில் இருக்கிறது' என்றதும் கும்பிட்டுவிட்டு, பெருமையோடு வீடு திரும்பினார்கள்.

மழை பெய்த எட்டாம் நாள் புதுச்சேரியிலிருந்து பதில் வந்தது. அப்படி ஒரு சொல்லை வெளியே அனுப்பியதாகத் தங்களிடம் பதிவு இல்லை என்றார்கள். பச்சியப்பன் நிம்மதியாக மாடுகளை விடும் உத்தரவில் கையெழுத்து வாங்கிப் பட்டிக்கு அனுப்பினார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. மாடுகள் இரண்டும் முந்தின நாளே செத்துப் போயிருந்தன.

பச்சியப்பன் உத்தரவை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரில் செல்லி நின்றாள். விஷயத்தைத் தமிழில் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"டில்லி-டாலிம்மா," என்றார். "ரெண்டுக்கும்."

செல்லிக்குப் புரிய வேண்டியது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நோவில்லாம போச்சுங்களா, சாமி?"

பின்னால் மனுவும் கையுமாக நின்றிருந்தவர்கள், இங்கிலீஷில் செத்த மாடுகளுக்குச் சொந்தக்காரி என்று, அவளுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.