ஹெல்மெட்டுக்குள் சரஸ்வதி

தொண்ணூற்றாறாம் வருஷம். மேற்குத் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் முடிச்சூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்குத்தான் போனார்கள். கல்யாணம் ஒன்றும் இல்லை. சரஸ்வதி ஹெல்மெட்டுக்குள் இறங்கியிருந்தாள்.

இறக்கியவர் கம்ப்யூட்டர் சித்தர் தசரதன். போன வருஷம் வரை பல்லாவரத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஞானம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே குட்டித் திரை வைத்த சிங்கப்பூர் ஹெல்மெட்டைக் குழந்தையின் தலையில் மாட்டுவார். கண்ணெதிரே வேறோர் உலகம் தெரியுமாம். அங்கே தேவி விரலைப் பிடித்து எழுதவைப்பாளாம். கழற்றினால் கிறுக்கலெல்லாம் முத்து முத்தான எழுத்து!

திரிபுரசுந்தரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். ஒயர் போகும் இடமெல்லாம் தெய்வமும் போவதாக அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனால் மகள் அபிதாவுக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை. எழுத்து திருந்தாவிட்டால் ஒன்றாம் வகுப்பு கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பயந்துபோன கணவன் கேசவன் மகளை வாராவாரம் இங்கே கூட்டிவந்தான். இப்போது பட்டாணி உரிக்கச் சொன்னால்கூட, "ஹெல்மெட் போட்டா தானா வரும்மா" என்கிறாள் அபிதா. அதைக் கேட்டுத்தான் திரிபுரசுந்தரியும் இந்த வாரம் அவர்களோடு கிளம்பி வந்தாள்.

வரிசையில் நின்று கவனித்தாள். ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால், குழந்தைகளை ஆடுகிற ஸ்டூலில் நிற்கவைத்து, கட்டைவிரல் நீளப் பென்சிலால் எழுதவைத்தார்கள். தேவி வந்துபோன பிறகு மேஜை, நாற்காலி, புதுப் பென்சில், கோடு போட்ட தாள்.

அபிதாவின் முறை வந்தது.

"சாமி, இன்னிக்கு மாத்திப் பண்ணலாமா? முதல்ல மேஜை. தேவி வந்தப்புறம் ஸ்டூல்," என்றாள் திரிபுரசுந்தரி.

"தேவிக்கு அது ஆகாதும்மா."

"ஸ்டூல்கூடவா சார் ஆகாது?"

சாமி சாராகிவிட்டார்.

பின்னால் நின்ற பூக்காரி செல்லம்மா விடவில்லை. "செஞ்சுதான் காட்டேன், இன்னா ஆய்டப் போவுது? எம் புள்ளையும் வரிசைல கீறான்."

கூட்டமும் அதையே கேட்க, தசரதன் இணங்க வேண்டியதாயிற்று. மேஜையில் அபிதாவின் எழுத்து ஓரளவு நிமிர்ந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு, ஸ்டூலில், அவள் எழுதிய 'அ' மிதிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி கிடந்தது.

"உள்ளே தேவி விரலைப் பிடிச்சாளா கண்ணு?"

"இல்லம்மா, காரு ரேஸ். கடைசில மோதிட்டேன்."

கேசவன் தரையைப் பார்த்தான். தசரதன் கரண்ட் கோளாறு பார்க்கப் பின்வாசல் வழியாகப் போனார். திரும்பவில்லை.

வாசலில், மகனைக் கூட்டி வந்திருந்த ஒரு பேங்க் உத்தியோகஸ்தர் பயபக்தியோடு அவளை நெருங்கினார். "மேடம், அப்போ விசேஷம் அந்தப் புதுப் பென்சில்லதான் இருக்கு. எந்தக் கடையில கிடைக்கும்?"

"எல்லாக் கடையிலயும் கிடைக்கும் சார்," என்றாள் திரிபுரசுந்தரி. "பையன் விரலுக்குத் தினம் கொஞ்சம் வேலை குடுங்க, தேறிடும். அப்படியே உங்க மூளைக்கும் குடுங்க."