என் காளான் இடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

குடிமக்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றியே தீர்வது என்று எங்கள் ஊராட்சி மன்றம் முடிவு செய்தது. அதன் பிறகுதான் என் வீட்டில் காளான் இல்லாமல் போனது.

பேருந்து நிறுத்தத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. குழாயில் தண்ணீர் நிற்கும் நேரம், யார் வீட்டு நாய்க்கு உரிமம் இல்லை என்பதெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். "வழிப்போக்கர்கள் குடிமக்களின் நாய்களைப் பற்றி அறிந்துகொள்ளும் அபாயம் நிலவுவதால்" பலகையைக் கழற்றிவிட்டார்கள். இனி எல்லாம் 'அண்டைவீடு' என்ற இலவசச் செயலியில்தான் வருமாம்.

எழுத்தர் ப்ளாஷெனாவிடம் போனேன்.

"ஏம்மா, தண்ணி எப்ப நிக்கும்?"

"செயலியில பாருங்க பெரியவரே."

"அதுல போடுறதே நீதானே? வாயால சொல்லேன்."

"பக்கத்துல இருக்கிறவங்க காதுல விழுந்துட்டா? அந்தரங்கம் என்ன ஆகுறது?"

பக்கத்தில் ஒரு பூந்தொட்டிதான் இருந்தது.

"சரி, அதுக்கு எவ்வளவு கட்டணும்?"

"ஒரு கொருனா காசுகூட வேணாம்."

"அப்ப செயலிக்காரனுக்கு என்ன லாபம்?"

"நல்ல மனுஷங்க, கொடுக்குறாங்க. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!"

என் போனை வாங்கி அவளே தட்டினாள்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமான்னு கேக்குது. சம்மதமா?"

"எதுக்கு?"

"உங்க தெருவுல தண்ணி நின்னா சொல்லணும்ல."

"நான் தெருவுல இல்லாதப்ப?"

"நீங்க தெருவுல இல்லைங்கறது அதுக்குத் தெரிய வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. சம்மதித்தேன்.

எங்கள் ஊரில் ஒருவனிடம் மூலநோய் எப்படி இருக்கிறது என்று சந்தையில் வைத்துச் சத்தமாகக் கேட்கலாம். காளான் எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், "காட்டுல" என்பதுதான் மரியாதையான பதில். என் அப்பா தன் ஓக் மரத்தடி இடத்தை மருத்துவமனைக் கட்டிலில்தான் சொன்னார், அதுவும் செவிலியை வெளியே அனுப்பிவிட்டு. பார்லியும் பூண்டும் அந்தக் காளானும் சேர்ந்த கூபா என்ற பண்டம் இல்லாமல் என் மனைவிக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தினநாள் இரவு விடியாது. கடைக் காளான் போட்டால் தட்டை அவள் என் பக்கமே தள்ளிவிடுவாள்.

பக்கத்து வீட்டு போகுமில் ஒருமுறை என் பின்னாலேயே காட்டுக்குள் வந்தான். திரும்பிப் பிடித்தேன். "நாயைத் தேடுறேன்" என்றான். அவனிடம் நாயே கிடையாது. அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. அன்றிலிருந்துதான் சனிக்கிழமை விடியலில் குடையோடு கிளம்பி, பேருந்துக்கு நிற்பதுபோல் நின்று, பேருந்தைப் போகவிட்டு, குளத்தைச் சுற்றிக் காட்டுக்குள் நுழைவேன். மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. போன் மட்டும் சட்டைப் பையில் இருக்கும். தண்ணீர் நிற்குமே!

மழை நன்றாகப் பெய்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டேன். போன் மணியடித்து எழுப்பியது. "உங்களைப் போன்றவர்கள் விரும்பும் இடம்" என்று ஒரு வரைபடம். நடுவில் சிவப்புப் புள்ளி. அப்பாவின் ஓக் மரம்.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

ஊராட்சித் தலைவர் தூண்டிலோடு நின்றிருந்தார். அங்கே தண்ணீர் கிடையாது. ப்ளாஷெனா கல்லறைக்கு வைக்கும் மலர்வளையத்தோடு நின்றிருந்தாள். அங்கே கல்லறையும் கிடையாது. போகுமில் கையில் நாய்ச்சங்கிலி இருந்தது. மரத்தடியில் அறுத்த காம்புகள்தான் மிச்சம்.

போகுமிலின் சட்டையைப் பிடித்தேன். "காட்டிக்கொடுத்தது நீதானேடா?"

"கையை எடுய்யா! என் போன்ல வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு" என்றார் தலைவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இங்க வழக்கமா வர்றவர் ஒருத்தர்தானாம். சனிக்கிழமை விடியலில். பஸ் ஸ்டாப்ல கொஞ்சம் நிப்பாராம். அப்புறம் குளத்தைச் சுத்தி..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அட, அந்தக் குடை இதுக்குத்தானா!" என்றான் போகுமில். "அடுத்த ஊர்ல உனக்கு ஒரு விதவை இருக்கான்னு என் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டாளே!"

திங்கள்கிழமை புகார் கொடுக்கப் போனேன்.

"அந்தரங்கப் பாதுகாப்பு அதிகாரி யாரும்மா?"

"பேரைச் சொல்லக்கூடாது பெரியவரே. அது அவரோட அந்தரங்கம்."

"நான் போற வர்ற இடத்தையெல்லாம் எங்கதான் வச்சிருக்கானுங்க?"

"மேகத்துல."

காளானைப் பற்றிக் கேட்டால் நாங்கள் சொல்லும் பதில் மாதிரியே இருந்தது. அந்தச் செயலி நிறுவனத்தின் மேல் முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

"புகாரை எங்க எழுதிக் கொடுக்கணும்?"

"செயலியிலதான்."

கொடுத்தேன். பதிலுக்கு உலர்ந்த காளான் விளம்பரம் வந்தது, தள்ளுபடி விலையில். கூடவே விதவைகளுக்கான திருமணத் தகவல் மையத்தின் விளம்பரமும் வந்தது. அதை மனைவி என்னைவிட முன்னால் பார்த்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை போனைக் குளத்தில் எறிந்துவிடுவது என்று குடையோடும் கூடையோடும் கிளம்பினேன். கூடை எதற்கென்று கேட்காதீர்கள், பழக்கம். கரையில் நின்று கையை ஓங்கினேன். போன் மணியடித்தது.

"உங்களைப் போன்றவர்கள் விரும்பும் இடம்."

கல்குவாரிக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி. அதற்குப் போகும் கோடு போகுமில் வீட்டு வாசலில் தொடங்கியது.

கையை இறக்கினேன். போனை எறிய நாளைக்கும் குளம் இருக்கும்.

குவாரிக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே இருந்தது. தலைவர் தூண்டிலோடு குனிந்திருந்தார். ப்ளாஷெனாவின் மலர்வளையத்துக்குள் காளான் நிரம்பியிருந்தது. போகுமில் மட்டும் இன்னும் வரவில்லை.

"எங்க பெரியவரே, இந்தப் பக்கம்?" என்றார் தலைவர்.

"பஸ்ஸுக்கு" என்று சொல்லிக் குடையைக் காட்டினேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அது யாருடைய இடம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை.