பச்சைப் பட்டன் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குப் பம்புசெட்டு ஸ்டார்ட்டர் மாட்டிய ஒரே மனுஷர், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் காயில்காரர்தான். உலகத்திலேயே என்று சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடைக்காது. பச்சைப் பட்டனை அமுக்கினால் டொக்கென்று ஒரு சத்தம் வரும், எங்கள் லைன் வீடுகளில் பல்பெல்லாம் ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும், அதற்கப்புறம்தான் அவருடைய கம்ப்யூட்டர் முழித்துக்கொள்ளும். நிறுத்துவதற்குச் சிவப்புப் பட்டன். முதல்தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேலை பார்த்த மில் ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். தும்மினால்கூட மானேஜர் முறைப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் நான் குடியிருந்த லைனில் முன்பக்கம் அவர் பட்டறை, பின்பக்கம் வீடு. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோனால் பழைய காயிலைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். அதனால் ஊருக்கே அவர் காயில்காரர். நிஜப்பேர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான். அந்த அக்காவும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார்.

கடையில் முழுசாக ஒரு பொருள் வாங்குவது அவருக்கு மானக்கேடு. கம்ப்யூட்டருக்கு உள்ளே வைக்கிற சாமான்களை மட்டும் காந்திபுரத்தில் ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். பெட்டியைத் தானே தகரம் வளைத்துப் பற்றவைத்து, மோட்டாருக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அடித்துவிட்டார். அதோடு விட்டாரா? கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, குழாய் இறக்கி எர்த் போட்டார். எர்த்துக் குழி காயக்கூடாதாம். தினமும் காலையில் மகளிடம், "கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்தியாச்சா அம்மணி?" என்று சத்தமாகக் கேட்பார். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாமி கிடையாது என்பதில் மனுஷர் படு கெட்டி. அக்காவின் சாமிப் படங்களுக்குச் சமையல்கட்டோடு எல்லை. ஆயுத பூஜை அன்றைக்குக் கணபதி முழுக்க லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் அன்றைக்கென்று பார்த்து மோட்டாரை ஓடவிடுவார். பக்கத்து லேத்துப் பட்டறைக்குப் போய், "ஏனுங்க, பொட்டு வெச்சா ஆர்.பி.எம். ஏறுதுங்களா?" என்று பணிவாக விசாரிப்பார். கேட்டுவிட்டுக் கை நீட்டிப் பொரியை வாங்கிக்கொள்வார். பொரி என்ன பாவம் பண்ணியதாம்.

அந்த வருஷ ஆயுத பூஜைதான் வினையாக வந்தது. மகள் கலா, கம்ப்யூட்டரில் அச்சுக்கோர்க்கிற டி.டி.பி. படித்து முடித்திருந்தாள். அவிநாசியில் அச்சகம் வைத்திருந்த ஒருவர், வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் தருகிறேன் என்று சொல்லி, நல்ல நாளாக மறுநாள் விஜயதசமி காலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அக்காவோ காரமடையிலிருந்து வந்த வரனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "நாளைக்கு அந்த டப்பா ஓடுனா அந்த வேலையப் பாரு. ஓடலைன்னா காரமடைக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. கலாவுக்கு மாப்பிள்ளை மேல் கோபமில்லை. முதலில் நாலு காசு தானே சம்பாதிக்கவேண்டும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற சி.டி. ஆயுத பூஜை அன்று காலையில்தான் கைக்கு வந்தது. மத்தியானம் எனக்கு அழைப்பு. கண்ணாடி ரூமைப் பார்த்தவன் என்கிற ஒரே தகுதியில் என்னை நிபுணனாக்கி வைத்திருந்தார்.

பச்சைப் பட்டன், டொக். பல்பெல்லாம் கண்ணடித்தது. சி.டி. சுழன்றது, கடகடவென்று பெட்டியே நடுங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி இங்கிலீஷ். கலா படித்துச் சொன்னாள்: "சரியான டிஸ்க்கைப் போடுன்னு கேக்குதுப்பா."

காயில்காரருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். திரைக்கு முன்னால் குனிந்து, "போட்டுத்தானுங்க வெச்சிருக்குது. நல்லாப் பாருங்க" என்றார். அது பார்க்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். பட்டை ஒயரைத் திருப்பிப் போட்டார். டிரைவுக்குப் பின்னால் இருக்கிற குட்டிப் பின்னை இடம் மாற்றினார். முதலில் சி.டி.யைத் தேடு என்று உள்ளே அமைப்பு உண்டாம், அதைக் கலா சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் டொக், கடகட, அதே வரி. எதிர்வீட்டு டி.வி. ஒவ்வொரு டொக்குக்கும் அணைந்து எரிய, அங்கிருந்து ஆள் வந்து, போதுமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கடைகள் எல்லாம் பூஜை போட்டுப் பூட்டியாச்சு. கருவியைக் கையில் எடுக்கிற ஆள் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான்.

"சத்தத்தைக் கேட்டீங்களா சார்? பேரிங் போயிருக்குது" என்றார். சி.டி. டிரைவில் பேரிங் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

"டிஸ்க்கை எடுத்துப் பாக்கலாம்ப்பா" என்றாள் கலா.

"டிஸ்க்குல கைய வெக்காதே. அது நல்லாத்தான் இருக்குது. நானேதான பாத்துப் போட்டேன்."

அவர் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுக்கப் பட்டறைப் பக்கம் போன நேரத்தில் கலா டிரைவின் பட்டனை அமுக்கிவிட்டாள். தட்டு வெளியே வந்தது. சி.டி.யை எடுத்துத் திருப்பியவள் அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். பளபளவென்று இருக்கிற பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். சுழன்ற வேகத்தில் சந்தனம் தெறித்து, உள்ளே இருக்கிற லென்ஸ் கண்ணையும் அப்பியிருந்தது.

திரும்பி வந்தவர் முகம் வெளுத்தது. நாங்கள் எல்லோரும் சமையல்கட்டு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தோம்.

"என்னைய எதுக்குப் பாக்கறீங்க? இதுல முன்னால எது, பின்னால எதுன்னே எனக்குத் தெரியாது. நான் வெச்சிருந்தா எழுதியிருக்கற பக்கமாப் பாத்துல்ல வெச்சிருப்பேன்" என்றார் அக்கா.

"எழுத்து மேல வெச்சா எழுத்து மறைஞ்சுபோகுமல்ல" என்றார் காயில்காரர்.

சொல்லிவிட்டார். சொன்னது அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்துப் பட்டறையில் யாரோ பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. இருபது வருஷமாக ஊரையே கேள்வி கேட்ட மனுஷர், சூட்டுக்கோலைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலாதான் மெல்லக் கேட்டாள். "ஏம்ப்பா?"

"எனக்குத்தான் கண்ணு சாமி இல்ல. உனக்கு ஒருவேளை இருந்துபோட்டா?"

அக்கா சமையல்கட்டுக்குள் போய், சாமிப் படத்துக்கு முன்னால் எரிந்து முடிந்திருந்த ஊதுபத்திக் குச்சியை எடுத்து, நுனியில் பஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி லென்ஸைத் துடைத்தார். சி.டி.யைக் கலா கழுவி, தன் தாவணி நுனியால் ஒற்றி எடுத்தாள். பச்சைப் பட்டன், டொக். கடகட இல்லை. திரை நீலமாக மாறி, சி.டி.யில் இருந்ததை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அச்சகக்காரர் வந்தார். பச்சைப் பட்டனைப் பார்த்து, "இது எங்க தோட்டத்து மோட்டாருக்கு இருக்கறதுங்களே" என்று இரண்டடி தள்ளியே உட்கார்ந்தார். கலா அவர் பேத்தி பேரில் ஒரு பத்திரிகை அடித்துக் காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐப்பசி முகூர்த்தத்துக்கு நெம்ப வேலை வந்து கெடக்குது. நாளைக்கே ஆரம்பிச்சுடு அம்மணி" என்றார். காரமடைக்கு, இப்போதைக்கு வேண்டாமுங்க என்று அக்காவே சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குக் காயில்காரர் வழக்கம்போல லேத்துப் பட்டறையில் நின்று, பொட்டு வைத்தால் ஆர்.பி.எம். ஏறுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பொரியும் வாங்கிக்கொண்டார். நான் கலாவின் மேஜைப் பக்கம் போனேன். அதே சி.டி. உறைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிற பக்கத்தில், ஓர் ஓரமாக, எறும்பு அளவுக்கு ஒரு பொட்டு. எழுத்து ஒன்றுகூட மறையவில்லை. சத்தமில்லாமல் உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த மெஷினுக்குப் பொட்டு வைக்கப் போனாலும், சந்தனத்தைத் தொட்டவுடன் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. சாமி ஞாபகம் அப்புறம்தான்.