பாதி விலையில் வந்த வெயில்

மானியதாசர் என்றொரு இனம் கொங்கு நாட்டில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் நுழைந்ததும் "இது என்னத்துக்கு ஆகுமுங்க?" என்று கேட்க மாட்டார். "இதுக்கு சப்சிடி உண்டுங்களா?" என்பார். உண்டு என்றால் முகம் மலரும். இல்லை என்றால், இருமல் மருந்தாக இருந்தாலும் இருமிக்கொண்டே திரும்பிவிடுவார்.

பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி பொங்கியண்ணன் இந்த இனத்தில் பழுத்த பழம். சாண எரிவாயுக் கலனுக்கு மானியம் என்றார்கள். கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் வீட்டில் மாடே இல்லை என்பது நினைவுக்கு வர, சந்தைக்குப் போய் முழு விலை கொடுத்து இரண்டு எருமை பிடித்து, தொழுவம் போட்டு, தீவனம் வாங்கி, மேய்க்க ஓர் ஆளையும் வைத்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவர் காதில் கால் பணம் மட்டும்தான் விழும்.

தொண்ணூற்று நாலில் சூரிய விளக்கு வந்தது. மாடியில் ஒரு தகடு, அறைக்குள் ஒரு பேட்டரி, இரண்டு டியூப்லைட். பாதி விலை அரசாங்கத்துடையது. ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் கரண்ட் இருக்கக் கூடாது. மற்றவர்களாக இருந்தால் என்ன செய்வார்கள்? பேசாமல் வீடு திரும்புவார்கள். பொங்கியண்ணன் நேராக மின்சார ஆபீசுக்குப் போய், நன்றாக எரிந்துகொண்டிருந்த கரண்டைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"சூரியன் பில்லு அனுப்புமா அம்மணி?" என்றார் மனைவி ராசாத்தாளிடம், பெருமை தாங்காமல்.

தகடு மாட்டிய மறுநாள், மகள் நித்யஸ்ரீயைப் பெண் பார்க்க சத்தியமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வடைக்கு உளுந்து ஊறிவிட்டது.

"ஏனுங்க, கிரைண்டரு சுத்த மாட்டேங்குதுங்க."

"வெயில் ஏறட்டும், சுத்தும்."

வெயில் ஏறியது. உச்சிக்கே வந்தது. கிரைண்டர் அசையவில்லை. ரெண்டு லைட்டுக்கு மேல் பேட்டரி தாங்காது என்று மாட்டிய ஆள் சொன்னபோது, இவர் மானியக் கனவில் இருந்தார். வடை இல்லாமல் சம்பந்தம் பேசுவதா? நல்ல இடம் கைநழுவிப் போனால்?

பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள் ஓடி வந்தாள். "எங்கூட்டுல அரைச்சுத் தாரேன், குடு."

"வேண்டாங்கக்கா," என்றாள் ராசாத்தாள். "சப்சிடி வாங்குன கையே ஆட்டட்டும்."

கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த ஆட்டாங்கல்லைக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டி, பொங்கியண்ணன் மூச்சிரைக்க உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சென்னகேசவன் இறங்கினார்.

"என்னுங்க இது கோலம்?"

தொலைந்தோம் என்று நினைத்தபடி, பொங்கியண்ணன் மாவுக் கையாலேயே மாடியைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். சென்னகேசவன் உட்காரவில்லை. பெண்ணைப் பார்க்கவில்லை. நேராக மாடிக்கு ஏறி, தகட்டை வாஞ்சையோடு தடவிப் பார்த்தார்.

"சப்சிடி எவ்வளவுங்க?"

அந்த ஒரு கேள்வியிலேயே சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அடுத்த வாரம் சத்தியமங்கலத்து வீட்டிலும் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நித்யஸ்ரீ அம்மாவிடம் சொன்னாள்: "சீருக்கு கிரைண்டரு வாங்க வேண்டாம்மா. ஆட்டாங்கல்லைக் குடுத்தனுப்பு."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் 'பாதி விலை' என்று படித்தபோது, அந்தத் திட்டம் இன்னும் இருக்கிறதா என்று ஒரு நொடி யோசித்தீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு ஆட்டாங்கல்லையும் எதற்கும் கழுவி வையுங்கள்.